மண்ணின் கணக்கர்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு உயர்ந்து நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அம்மலையில் மூங்கிலும் கடுக்காய் மரமும் பிறவும் செறிந்து வளர்கின்றன. கோடையில் அவை இலைகளை உதிர்க்கின்றன. உதிர்ந்த இலைகளின்மீது மழை பெய்கிறது. புழுக்களும் பூச்சிகளும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் அவற்றை மட்கச் செய்கின்றன. விலங்குகளின் சாணமும் பறவைகளின் எச்சமும் விழுந்த இடத்திலேயே மண்ணாகின்றன. அக்காட்டுக்கு எருவிட்டவர் எவரும் இலர். எனினும் அது ஆண்டுதோறும் தழைக்கிறது. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது மண்ணுக்கே திரும்புதலால் அங்கே வளம் குன்றுவதில்லை.

மலையடிவாரத்திலோ நிலைமை வேறு. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் பாயும் அவ்வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. விளைந்த பொருள்கள் வண்டியேறி நகரங்களுக்குச் செல்கின்றன. அவற்றோடு மண்ணின் சத்தும் செல்கிறது. அச்சத்து உண்டவர் உடலிற் சேர்ந்து, பின்னர்க் கழிவாகி, சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் அடைகிறது. வயலுக்கு அது திரும்புவதில்லை. வரவு இன்றிச் செலவே நிகழும் கணக்கு எத்தனை நாள் நிலைக்கும்?

இவ்வினாவை நாட்டின்முன் வைத்து, அதற்கு விடையும் காண முயன்ற பெரியார் ஒருவர் தமிழகத்தில் தோன்றினார். கணக்காய்வே அவர் முதலிற் பயின்ற தொழில். வணிகர்களின் ஏடுகளைப் பார்த்துப் பழகிய அவருடைய கண், பிற்காலத்தில் மண்ணின் வரவு செலவையும் கூர்ந்து நோக்கியது. அவரே காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா.

இளமையும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கிறித்தவக் குடும்பம். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். அன்னையார் எஸ்தர் இராசநாயகம் இறைப்பற்றும் இரக்கமும் மிக்கவர். பெற்றோர் மைந்தருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது. குமரப்பா என்பது அவர்தம் முன்னோர் வழிப் பெயர். அப்பெயரை அவர் பின்னாளில் விரும்பி ஏற்றுக்கொண்டார்.

சென்னையில் கல்வி கற்றபின் அவர் இலண்டன் மாநகருக்குச் சென்று கணக்காய்வுத் துறையில் பயிற்சி பெற்றுத் தேர்ந்தார். அன்னையாரின் விருப்பத்திற்கிணங்கத் தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். வருவாய் பெருகியது. மேனாட்டு உடையும் மேனாட்டு வாழ்க்கை முறையுமே அவருக்கு உகந்தனவாய் இருந்தன. 1927ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று, சிரக்கியூஸ் பல்கலைக் கழகத்தில் வணிகவியல் பயின்று, பின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார்.

அந்நாளில் அங்குள்ள திருச்சபை ஒன்றில், இந்தியா ஏழை நாடாய் இருப்பதன் காரணம் யாது என்பது பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். செய்தித்தாளில் வந்த அதன் சுருக்கம் பேராசிரியர் செலிக்மனின் கருத்தைக் கவர்ந்தது. அப்பொருளையே ஆராயுமாறு அவர் தம் மாணவரைத் தூண்டினார். ஆராய ஆராயக் குமரப்பாவுக்கு உண்மை விளங்கியது. மக்கள் செலுத்திய வரிப்பணம் மக்களுக்குப் பயன்படாமல் வெளியேறியதே வறுமைக்குப் பெருங்காரணம் என்று அவர் கண்டார். ஓரிடத்தில் விளைந்த வளம் அவ்விடத்திற்குத் திரும்பாதாயின் அவ்விடம் வறளும் என்னும் உண்மை அன்றே அவர் உள்ளத்திற் பதிந்தது.

மரத்தடியில் ஒரு முதியவர்

தாம் எழுதிய ஆய்வுரையை நூலாக்க விரும்பிய குமரப்பா, 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். காந்தியடிகளைக் காண அவருக்குக் குறிக்கப்பட்ட நேரம் பிற்பகல் இரண்டரை மணி. சற்று முன்னரே வந்துவிட்ட அவர், மரத்தடியில் முதியவர் ஒருவர் சாணத்தால் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்பதைக் கண்டு நின்றார். சிறிது நேரத்திற்குப் பிறகே அம்முதியவர் காந்தியடிகள் என்பது தெரிந்தது. உயர்ந்த மேனாட்டு உடை அணிந்திருந்த குமரப்பா, அதனைப் பொருட்படுத்தாமல் அவர் எதிரே வெறுந்தரையில் அமர்ந்தார். அன்று தரையில் அமர்ந்தவர் தம் வாழ்நாள் முழுதும் மண்ணை விட்டு அகலவில்லை எனலாம்.

காந்தியடிகள் அவருக்கு இட்ட முதற் பணி குசராத்து நாட்டு மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள் நிலையை ஆராய்வதாகும். குமரப்பா மாணவர்களை உடன் அழைத்துக்கொண்டு ஊர் ஊராய் நடந்தார். வீடுதோறும் வரவு செலவு கேட்டறிந்தார். நூலகத்திற் கண்ட வறுமையை அங்கே நேரிற் கண்டார். அதன்பின் அவர் பம்பாய்த் தொழிலுக்கு மீளவில்லை. கதர் உடுத்தார், சிறை புகுந்தார், திருமணமும் செய்துகொள்ளாது நாட்டுப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

கணக்கில் கண்டிப்பு

1934ஆம் ஆண்டில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. துயர் துடைக்கத் திரட்டிய நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு அவர் மிகச் சிறிய தொகையையே வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கே வந்தபொழுது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாதென அவர் மறுத்துவிட்டார். துன்புற்றோர்க்கென வந்த காசு துன்புற்றோர்க்கே சேரவேண்டும் என்பது அவர் கொள்கை. காந்தியடிகள் இதற்காக அவர்மீது சினங்கொள்ளவில்லை. அவரை மேலும் நம்பினார்.

மகன்வாடியில் தொண்டு

அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். வார்தா நகரில் சமன்லால் பசாசு அளித்த தோட்டமும் மனையும் அதன் தலைமை இடமாயின. அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. செக்கில் எண்ணெய் ஆட்டுதல், நெல் குற்றுதல், தேனீ வளர்த்தல், கையால் காகிதம் செய்தல், வெல்லம் காய்ச்சுதல் முதலிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன, இளைஞர்களுக்குக் கற்பிக்கவும்பட்டன.

இத்தொழில்களுக்கு இணையாக அங்கு மதிக்கப்பட்ட மற்றொரு தொழில் உண்டு. அதுவே கழிவை எருவாக்குதல். அக்காலத்தில் இந்தியச் சிற்றூர்களின் வழியோரங்களும் குளக்கரைகளும் மலத்தால் மாசடைந்து கிடந்தன. அதனை அள்ளும் பணி சாதியின் பெயரால் ஒரு சிலர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அள்ளியவர் இழிந்தோர் எனப்பட்டனர்; அள்ளப்பட்டதோ எங்கேனும் வீணாகக் கொட்டப்பட்டது. ஊரார்க்கு நோய், உழைப்பவர்க்கு இழிவு, வயலுக்கு வறுமை ஆகிய மூன்று கேடுகளும் ஒரே தவற்றிலிருந்து விளைந்தன.

இம்மூன்றையும் ஒருங்கே நீக்க மகன்வாடி முயன்றது. காந்தியடிகள் 1935ஆம் ஆண்டில் அங்கே தங்கியிருந்தார். அங்கிருந்தோர் சாதி வேறுபாடின்றித் தம் கழிப்பிடங்களைத் தாமே தூய்மை செய்தனர். மகாதேவ தேசாய், மீராபென் முதலியோர் வாளியும் மண்வெட்டியும் ஏந்தி அண்மையிலுள்ள சிந்தி என்னும் சிற்றூருக்குச் சென்று தெருக்களைத் துப்புரவாக்கினர். ஊரார் உடனே மனம் மாறிவிடவில்லை. நெடுங்காலப் பழக்கமும் சாதிக் கட்டும் அவர்களைத் தடுத்தன. எனினும் தொண்டர்கள் தளராமல் அப்பணியைச் செய்து வந்தனர். கழிவைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் ஒழிந்தாலன்றி, அது செல்வம் என்னும் எண்ணம் பிறவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கழிவு எருவாகும் முறை

மலத்தில் செல்வம் இருக்கிறது என்பது வெறும் புகழ்ச்சி அன்று. பயிருக்கு இன்றியமையாத தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகிய மூன்றும் மனிதக் கழிவில் உள்ளன. உண்ட உணவிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுகிறது. ஒருவர் கழிக்கும் கழிவில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 கிலோகிராம் தழைச்சத்து உண்டு. ஓர் ஊரார் அனைவருக்கும் இதனைக் கணக்கிட்டால் இழப்பின் அளவு விளங்கும்.

ஆயினும் மலத்தைப் பதப்படுத்தாமல் வயலில் இடுதல் பெருந்தீங்கு. வாந்திபேதி, குடற்காய்ச்சல் முதலிய நோய்க்கிருமிகளும், கொக்கிப்புழு, உருண்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் அதில் இருத்தல் கூடும். வெறுங்காலோடு நடக்கும் உழவரையும், காய்கறியைப் பச்சையாக உண்பவரையும் அவை பற்றும். ஆதலால் நஞ்சு நீக்கிச் சத்தைக் காக்கும் வழியை அறிஞர் நாடினர்.

அவ்வழியைத் தெளிவுறக் காட்டியவர்களுள் ஆல்பர்ட் ஓவர்டு என்பவர் தலையாயவர். ஆங்கில நாட்டினராகிய அவர் 1905ஆம் ஆண்டு பீகாரைச் சேர்ந்த பூசாவுக்கு வேளாண்மை ஆராய்ச்சிக்காக வந்தார். இந்திய உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். காட்டின் இயல்பைக் கண்டு, அதுவே உழவுக்கு வழிகாட்டி எனத் துணிந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய காலத்தில், செடி கொடிகளின் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிக் கிளறி மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். அதுவே இந்தூர் முறை. 1935ஆம் ஆண்டில் இந்தூருக்குச் சென்ற காந்தியடிகள் அதனைக் கண்டு மகிழ்ந்து, தம் இதழின் வாயிலாக நாட்டுக்கு அறிவித்தார்.

நகரக் கழிவுக்கேற்ற முறையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆசாரியா என்பார் 1939ஆம் ஆண்டையொட்டி வகுத்தார். மேட்டுப் பாங்கான இடத்தில் மூன்றடி ஆழத்தில் நீண்ட குழிகள் வெட்டப்படும். அவற்றில் குப்பை அரையடி, அதன்மேல் மலம் இரண்டங்குலம் என மாறி மாறி அடுக்கி, மேலே மண்ணிட்டு மெழுகிவிடுவர். முதற் சில நாட்களில் குழியினுள் வெப்பம் மிகுதியாக எழும். அவ்வெப்பமும் பின்னர் வரும் நெடிய மட்குதலும் கிருமிகளையும் புழு முட்டைகளையும் அழிக்கும். ஆறு முதல் எட்டு மாதங்களில் கரிய நிறமும் ஈரமண்ணின் மணமும் கொண்ட எரு கிடைக்கும். குழியைத் திறப்பவர் அது முன்பு என்னவாய் இருந்தது என்று அறியவும் இயலாது. சிற்றூர்களில் குழி வெட்டவும் வேண்டா. மேல்மண்ணில் முக்கால் அடி முதல் ஓரடி வரை புதைத்து மூடினால், அங்கு நிறைந்துள்ள நுண்ணுயிர்களே அதனை எருவாக்கும் எனக் காந்தியடிகள் எழுதிவந்தார்.

நிலைத்த பொருளாதாரம்

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டிக் குமரப்பா சிறைப்பட்டார். சிறையில் அவர் ஆழ்ந்து சிந்தித்ததன் பயனாய், நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் பிறந்தது. 1945ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. இயற்கையில் எப்பொருளும் வீணாவதில்லை. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிறது. இச்சுழற்சி அறாதவரை உலகம் நிலைக்கும் என்பது அந்நூலின் அடிப்படை. பிற உயிரைக் கொன்று வாழும் புலியையும், பிறர் தோட்டத்துக் கனியைப் பறித்துண்ணும் குரங்கையும், கூட்டுக்காக உழைக்கும் தேனீயையும், கைம்மாறு கருதாமல் ஊட்டும் தாயையும் எடுத்துக்காட்டி, மனிதர் எவ்வகை வாழ்வை மேற்கொள்ளுதல் வேண்டும் என்பதை அவர் விளக்கினார். மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு எதையும் திருப்பிக் கொடாதவன் குரங்கின் நிலையினின்றும் உயர்ந்தவன் ஆகான்.

ஓர் இலட்சம் மக்களுக்கு வேண்டும் உணவையும் உடையையும் விளைவிக்க எவ்வெப்பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கவேண்டும் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆலைக்கு வேண்டுவதை விளைப்பதன்முன் மக்களுக்கு வேண்டுவதை விளைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. செயற்கை உரம் மண்ணுக்கு உணவாகாது, ஊக்கப் பொருளே ஆகும் என்றும் அவர் எச்சரித்தார்.

உழவர்க்கு உழைத்தவர்

நாடு விடுதலை பெற்றதும் 1947ஆம் ஆண்டு திசம்பரில், மீராபென்னின் முயற்சியால் புதுதில்லியில் அனைத்திந்தியக் கூட்டெரு மாநாடு கூடியது. இராசேந்திர பிரசாத் அதற்குத் தலைமை தாங்கினார். நாட்டின் கழிவனைத்தையும் எருவாக்கும் திட்டங்கள் அங்கே ஆராயப்பட்டன. காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். அக்குழு 1949ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நிற்போரை அகற்றவேண்டும் என்று வற்புறுத்தியது. எருவிட்டு நிலத்தை வளமாக்குபவனுக்கு அந்நிலத்தில் உரிமை இல்லையேல், அவன் எதற்காக அதனை வளமாக்குவான்?

1951ஆம் ஆண்டில் குமரப்பா சீன நாட்டிற்கும் சப்பானுக்கும் சென்றார். அந்நாட்டு உழவர்கள் பல நூற்றாண்டுகளாக மனிதக் கழிவை வயலுக்கே திருப்பி அளித்து நிலவளம் காத்தவர்கள். அமெரிக்க மண்ணியல் அறிஞர் எப். எச். கிங் 1911ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அதனை வியந்து விளக்கியுள்ளார்.

தாயகத்திலோ காற்று வேறு திசையில் வீசியது. அவ்வாண்டிலேயே சிந்திரி உரத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பஞ்சத்தை அஞ்சிய நாடு விரைந்து பயன் தரும் செயற்கை உரத்தை நாடியது. அதனால் விளைச்சல் பெருகியதும் உண்மையே. ஆனால் கழிவை எருவாக்கும் பணி பின்தங்கியது. தம் சொல் எடுபடாமை கண்டும் குமரப்பா தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

இறுதிக்காலத்தில் அவர் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். அக்குடிலின் சுவரில் காந்தியடிகளின் படமும், ஏழைக் குடியானவன் ஒருவனின் படமும் இருந்தன. காந்தியடிகள் தமக்குத் தலைவர் என்றும், அக்குடியானவனோ தம் தலைவருக்கும் தலைவன் என்றும் காண வந்தோர்க்கு அவர் கூறுவார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற பணி

குமரப்பா காட்டிய கணக்கு இன்றும் தீர்க்கப்படவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலில் எவரையும் ஈடுபடுத்தலாகாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. எனினும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிர் துறப்போர் செய்தி இன்னும் வருகிறது. ஆதலால் கழிவை எருவாக்கும் பணியை இனிப் பொறிகளும் அறிவியல் முறைகளுமே தாங்கவேண்டும். தமிழ்நாட்டில் கருங்குழி, பெரியநாயக்கன்பாளையம் முதலிய ஊர்களில், வீட்டுத் தொட்டிகளிலிருந்து குழாய் வண்டிகள் கொணரும் மலக்கசடு தூய்மை செய்யப்படுகிறது. கசடு படுகைகளில் உலர்த்தப்படுகிறது. பிரிந்த நீரும் தூய்மையாக்கப்படுகிறது. உலர்ந்த கசட்டைக் குப்பையோடு மட்கவைத்துக் கிருமி நீக்கினால் அது வயலுக்கு ஏற்ற எருவாகும். தோல் பதனிடும் ஆலை, சாய ஆலை ஆகியவற்றின் கழிவு அதனோடு கலவாதவாறு காத்தல் வேண்டும். அவற்றிலுள்ள உலோக நஞ்சுகளை எவ்வெப்பமும் போக்காது.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. ஊர்கள் பெருகப் பெருகக் கழிவும் பெருகும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களின் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு செல்கிறது. காற்றும் நீரும் ஞாயிற்றின் ஒளியும் சேர்ந்து ஆக்கியதே சர்க்கரை. மண் தந்த சத்தோ சாறு தெளியும்போது ஒதுங்கும் மண்டியிலும் சாம்பலிலும் பெரிதும் தங்கிவிடுகிறது. அம்மண்டி மட்கி வயலுக்குத் திரும்புமாயின் கணக்கில் ஒரு பகுதி நேராகும். நகரத்தார் உண்ட நெல்லின் சத்தும் அவ்வாறே தூய எருவாகத் திரும்புமாயின் கணக்கு முழுதும் நேராகும்.

மண் ஏடு எழுதுவதில்லை. கடனைக் கேட்டு வாயிலில் வந்து நிற்பதுமில்லை. விளைச்சல் குன்றும்பொழுதே அதன் குறையை நாம் அறிகிறோம். அந்நாள் வருமுன் கணக்கைப் பார்க்கச் சொன்னவர் குமரப்பா. கல்வராயன் மலைக்காடு பேசாமல் கடைப்பிடித்துவரும் நேர்மையை, வயலுழும் நாமும் கடைப்பிடிப்போமாக.